லைனில் இருங்க, இயக்குநர் பேசுவார்

சிரிப்பு உண்டு. வயிற்றைப் பிடித்துக்கொள்ள இப்போதே ஒரு கையைக் காலியாக வைத்துக்கொள்ளலாம், அவ்வளவு நிச்சயம். ஆனால் கேட்டவுடனே எடுத்துக் கொடுத்துவிட்டால் சிரிப்புக்கு என்ன மரியாதை? மதுரை வில்லாபுரத்தில், மேலே ஒரு மாடி எழுப்ப ஆசைப்பட்டு மொட்டை மாடியோடு நின்றுபோன ஒரு வீட்டின் ஹாலில், ஒரு கால் லேசாக ஆடும் பிளாஸ்டிக் நாற்காலியில், நாற்பத்தைந்து வயது அறவாழி காதில் போனை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அவரே காத்திருக்கும்போது நமக்கென்ன அவசரம்? சித்திரை மாத ஞாயிற்றுக்கிழமை, மணி பத்தே கால். நாலு நிமிடம் முன்பு தெரியாத எண்ணிலிருந்து மணி அடித்தது. எடுத்தால் ஒரு பெண்குரல், ரயில் நிலையத்து அறிவிப்பு மாதிரி கஞ்சி போட்டுத் தேய்த்த குரல். "வணக்கம். அனைத்திந்திய இளம் மேதையர் மையம், புது தில்லி. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தொன்பதாம் ஆண்டு இளம் மேதைப் பதக்கம் பெற்ற செல்வன் அறவாழி தாங்கள்தானா?" செல்வன்! அவரை யாரும் செல்வன் என்று கூப்பிட்டு முப்பது வருடம் இருக்கும். அறவாழி எழுந்தே நின்றுவிட்டார், லுங்கியை இறக்கிவிட்டுக்கொண்டார், தில்லிக்குத் தெரியும் என்பது போல. "ஆமாங்கம்மா." "பதக்கம் பெற்ற குழந்தைகளின் பின்னாளைய நிலை குறித்து மையம் விசாரித்து வருகிறது. பதக்கத்துக்குப் பிறகு தாங்கள் என்ன செய்தீர்கள் என்பதை இயக்குநரே நேரடியாகக் கேட்டறிய விரும்புகிறார். லைனில் இருங்க." அவ்வளவுதான், டொய்ங் டொய்ங் என்று வீணை மாதிரி ஏதோ ஒன்று தொடங்கிவிட்டது, இவரும் உட்கார்ந்துவிட்டார், காப்பி ஆறிக்கொண்டிருக்கிறது.

பதக்கத்துக்குப் பிறகு. பதக்கத்துக்குப் பிறகு என்ன? பிறகு மத்தியானம் ஆச்சு, சாப்பிட்டோம், தூங்கினோம், முப்பத்தாறு வருஷம் ஆச்சு, இதைத் தில்லியிடம் சொல்ல முடியுமா? டொய்ங். பொய் சொல்லலாம். சின்னப் பொய். 'உணவு வேதியியல் துறையில் மூத்த ஆலோசகராக...' கல்யாண வீடுகளில் புதியவர்களிடம் எடுத்துவிடுவதுதான், கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, கண்ணாடி போட்ட பொய், ஆனால் எந்த நிறுவனம் என்று அடுத்த கேள்வி வருமே. ஹைட்ரஜன், ஹீலியம், லித்தியம், பெரிலியம், போரான்... பயம் வந்தால் இவருக்கு இது தானாக ஓடும், மற்றவர்களுக்குக் கந்த சஷ்டி கவசம் மாதிரி. பதக்கத்தைத் திருப்பிக் கேட்பார்களோ? கேட்டால் கொடுத்துவிடலாம், அது தங்கமில்லை, ஒருநாள் கம்பெனி லேபில் சுரண்டிப் பார்த்ததில் வெறும் பித்தளை, செம்பு அறுபத்தெட்டு பங்கு, துத்தநாகம் முப்பத்திரண்டு, அதை யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் பயம் பதக்கத்தைப் பற்றி இல்லை. பயம் எதிரே இருக்கிறது, குளிர்சாதனப் பெட்டியின் கதவில், மாம்பழக் காந்தத்தின் கீழே தொங்குகிறது, வெளிர்நீல விண்ணப்பம். மகள் அல்லிக்குப் பதினாலு வயது. மாவட்ட அறிவியல் தேர்வில் முதலாவதாக வந்துவிட்டாள். சென்னையில் மேதைப் பிள்ளைகளுக்கென்றே ஓர் உறைவிடப் பள்ளியாம், இடம் தயாராம், அப்பாவின் கையெழுத்து மட்டும் வேண்டுமாம், நாளைக் காலை கடைசி. மனைவி சுகந்தி ஒரே வரியில் கை கழுவிவிட்டாள். "நீங்களே முடிவு பண்ணுங்க, இந்த வீட்டுல மேதையா இருந்து பாத்த ஆளு நீங்கதானே." அல்லி இன்னும் மோசம். புதன்கிழமை சாப்பிடும்போது நேராக இவர் முகத்தைப் பார்த்துக் கேட்டுவிட்டாள். "அப்பா, அது உங்களுக்கு நல்லா இருந்துச்சா?" இவர் சொன்ன பதில், "ரசம் ஊத்திக்க." நாலு நாளாக அந்த ரசம் இவர் தொண்டையிலேயே நிற்கிறது.

நல்லா இருந்துச்சா? இருந்தது என்றும் சொல்லலாம். தமுக்கம் மைதானம், பொருட்காட்சி, ஒரு பக்கம் மரணக் கிணற்றில் மோட்டார் சைக்கிள் உறுமுகிறது, இந்தப் பக்கம் மேடையில் மைக் பிடித்தவர் அதைவிடச் சத்தமாக உறுமுகிறார். "பெரியோர்களே, தாய்மார்களே, இதோ உங்கள் முன்னால், ஒன்பதே வயதான, நடமாடும் நூலகம், நம்ம ஊர்க் குட்டி விஞ்ஞானீஈஈ..." அந்த ஈ முடிவதற்குள் இவர் நடந்து வந்து ஸ்டூலில் ஏறிவிட வேண்டும், அப்பா தந்தி ஆபீஸ் தங்கவேலு அப்படித்தான் பழக்கியிருந்தார். ஏறி, மூச்சை இழுத்து, நூற்று மூன்று தனிமங்களையும் அணு எடையோடு, தசமப் புள்ளி விடாமல், ரயில் விட்டால் போல. கைதட்டல். ஒரு அமைச்சர் தூக்கிக் கன்னத்தைக் கிள்ளினார், அவர் சட்டையில் ஜவ்வாது வாசனை, இன்றைக்கும் ஜவ்வாது வந்தால் இவருக்குக் கன்னம் வலிக்கும். பிறகு கூட்டம் கேள்வி கேட்கும். "வானம் ஏன் நீலமா இருக்கு?" சொன்னார். "சூரியன்ல எவ்வளவு சூடு?" சொன்னார். "எங்க வீட்டு மாடு ஏன் பால் குறைச்சலா கறக்குது?" அதற்குக்கூட ஏதோ சொன்னார், கால்சியம் என்று. அப்போதுதான் மேடைக்குப் பக்கத்தில் டெல்லி அப்பளம் பொரித்துக்கொண்டிருந்த ஒரு அக்கா, ஜல்லிக்கரண்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "தம்பி, சாப்பிட்டியாப்பா?" என்று கேட்டது. குட்டி விஞ்ஞானி கண்ணை மூடினார். நூற்று மூன்றில் தேடினார். அங்கே இல்லை. ஆக்சிஜன் இருக்கிறது, அயோடின் இருக்கிறது, இட்லி இல்லை. காலையிலிருந்து சாப்பிடவில்லை என்பதே அப்போதுதான் இவருக்குத் தெரியவந்தது. அப்பா மைக்கை வாங்கி, "அவனுக்குப் பசியே எடுக்காதும்மா, அறிவுதான் ஆகாரம்!" என்றார், கூட்டம் விசிலடித்தது, அப்பளம் இவர் முகத்தைவிடப் பெரியதாக, எண்ணெய் சொட்டச் சொட்ட யாரோ ஒரு பையன் கைக்குப் போனது. அந்தப் பையன் கடித்த சத்தம், படக், இப்போதும் காதில் இருக்கிறது. டொய்ங்.

டொய்ங் நின்றது. நின்று, 'ஹ்ஹ்' என்று மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடி தொடங்கியது. வீணைக்கு மூச்சு வாங்குமா? அறவாழி புருவத்தை நெரித்தார், அரை நொடியில் தெளிந்தார். தரவு விடுபடுகிறது. குரலை எண்களாக மாற்றிப் பொட்டலம் கட்டி அனுப்பும்போது சில பொட்டலங்கள் வந்து சேராது, அந்த ஓட்டையில் காற்று ஓடுவது போல ஒரு சத்தம் வரும், சாதாரண விஷயம். இவருக்கு இந்த வரம் பிறவியிலேயே உண்டு, எதைக் கொடுத்தாலும் ஒரு காரணம் கண்டுபிடித்துவிடுவார், கண்டுபிடித்தபின் திரும்பிப் பார்க்க மாட்டார். "தங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியமானது. வரிசையில் தாங்கள்... ம்ம்ம்... ட்ச்... மூன்றாவது இடத்தில் இருக்கிறீர்கள்." அழைத்தது அவர்கள், வரிசையில் நிற்பது நானா? ஆமாம், அரசாங்க மையம் என்றால் அப்படித்தான். சமையலறையில் சுகந்தி எதையோ தாளித்தாள், கடுகு வெடித்தது. சுவரில் சார்ஜர் ஒயர் வெறுமனே தொங்கியது, அங்கன்வாடியில் போன வாரம் சுகந்திக்குக் கொடுத்த புது போன் அதில் மாட்டியிருக்கும், இன்று இல்லை, இவர் அந்த எண்ணை இன்னும் பதிந்துவைக்கவில்லை, வைக்கணும் என்று நினைத்தார், நினைத்ததோடு சரி. அல்லியைக் காணோம். சத்தமே இல்லை, அது ஆச்சரியம். அல்லி இருக்கும் வீட்டில் ஒன்பது பேர் இருப்பார்கள். தலைமையாசிரியை இருப்பார், மூக்கால் பேசுவார். பக்கத்து வீட்டு வக்கீல் இருப்பார். கரண்ட் குறைந்தபோது மிக்சி முனகும் முனகல்கூட வரும், சுகந்தி இரண்டு தடவை ஏமாந்து ஓடிப்போய் மிக்சியை அணைத்திருக்கிறாள். போன மாதம் இவர் குரலிலேயே பள்ளிக்குப் போன் பண்ணி, "வணக்கங்க, அறவாழி பேசுறேன், பொண்ணுக்கு வயித்து வலி" என்று லீவு வாங்கிவிட்டாள். பிறகு தலைமையாசிரியை இவரைப் பார்த்து, "நீங்க போன்ல சொன்னீங்களே" என்றபோது, ஆமாம் சொன்னோமே என்று இவருக்கே ஞாபகம் வந்தது. அந்த அளவுக்கு. சென்னைப் பள்ளியில் மிக்சிக்கு இடம் இருக்குமா? டொய்ங். இரண்டாவது இடம்.

இரண்டாவது இடமென்றால் சீக்கிரம் வந்துவிடும். பதிலைக் கோத்து வைத்துக்கொள்ளணும். பதக்கம் ஒன்பது வயதில், பன்னிரண்டில் சிறப்பு அனுமதியோடு பிளஸ் டூ, பதின்மூன்றில் கல்லூரி. கல்லூரியில் பெஞ்சில் உட்கார்ந்தால் கால் தரையைத் தொடாது, ஆடிக்கொண்டே இருக்கும், பின்னால் இருந்த முத்தரசன் பென்சிலால் குத்துவான், "தம்பி சார், பெஞ்ச் ஆடுது, வேதியியலே ஆடுது." எல்லாருக்கும் அவர் தம்பி சார். பியூரெட் குழாயின் அளவைப் பார்க்க ஒரு மரப்பெட்டி மேல் ஏறி நிற்க வேண்டும், அந்தப் பெட்டிக்கு 'மேதை மேடை' என்று யாரோ சாக்பீஸால் எழுதிவைத்தார்கள். முத்தரசன் நல்லவன், மகளிர் விடுதிக்குக் கடிதம் எழுத இவர் கையெழுத்தைத்தான் பயன்படுத்துவான், சின்னப்பிள்ளைக் கையெழுத்து, யாருக்கும் சந்தேகம் வராது, கூலி ஒரு பரோட்டா. அதெல்லாம் நன்றாகத்தான் இருந்தது, அந்தப் பரோட்டா ரொம்ப நன்றாக இருந்தது. பிறகு பெங்களூர். பதினெட்டு வயதில் பெரிய ஆராய்ச்சி நிலையம், மரங்கள், சைக்கிள்கள், யாரும் சத்தமாகப் பேசாத ஊர். ஆய்வு நெறியாளர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டார், "சரி அறவாழி, உனக்கு என்ன தெரிஞ்சுக்கணும்?" "எல்லாம் தெரியும் சார்." திமிர் இல்லை, பழக்கம், மேடையில் அப்படித்தான் சொல்லச் சொல்லியிருந்தார்கள். "அது எனக்கும் தெரியும்ப்பா. தெரியாதது எது, அதைச் சொல்லு." பதினொரு மாதம் தேடினார். நூலகத்தில் தேடினார், மரத்தடியில் தேடினார், விடுதிக் கட்டிலில் கூரையைப் பார்த்துத் தேடினார். கேள்வி கேட்கிறவர்கள் எப்போதும் கீழே கூட்டத்தில் இருந்தார்கள், இவர் மேலே ஸ்டூலில் இருந்தார், இறங்கும் வழியை யாரும் காட்டவில்லை. ஒருநாள் பெட்டியைக் கட்டிக்கொண்டு ரயில் ஏறிவிட்டார். அப்பா எட்டு மாதம் பேசவில்லை. சொந்தக்காரர்கள் பேசினார்கள், அவருக்கும் சேர்த்து. "சின்ன வயசுல ரொம்பப் படிச்சா மூளை சூடாயிரும்னு நான் அப்பவே சொன்னேன்." "கண்ணு பட்டுருச்சு." "முன்னாள் மேதை வர்றாரு, வழி விடுங்க." முன்னாள். மந்திரிக்கு முன்னாள் உண்டு, மேதைக்கும் உண்டு என்று அன்றுதான் தெரிந்தது.

"சார் ஜி! சார் ஜி, இருக்கீங்களா?" அறவாழி துள்ளிவிட்டார், காப்பி லுங்கியில் சிந்தியது. ஆண்குரல், அவசரமான குரல், வெற்றிலையோ என்னவோ வாயின் ஒரு ஓரத்தில் ஒதுக்கிய குரல். "நான் இயக்குநரோட உதவியாளர் மிஸ்ரா. மூணு வருஷம் மெட்ராஸ்ல போஸ்டிங், அதான் தமிழ். டைரக்டர் சாப் சாய் குடிக்கிறார். பிஸ்கட் நனைச்சு நனைச்சு குடிக்கிறார். அவர் ரொம்ப கோபக்காரர் சார் ஜி, பொய் சொன்னா மட்டும் கண்டுபிடிச்சுடுவார். போன வாரம் ஒருத்தர் 'ஆலோசகர்'னு சொன்னார், பாவம்." அறவாழிக்கு வேர்த்தது. மனசுக்குள் ஒத்திகை பார்த்த பொய் எப்படித் தில்லிக்குப் போனது? எல்லாரும் அதே பொய்யைத்தான் சொல்வார்கள் போலிருக்கிறது, புள்ளியியல்படி அது சரிதான். மிஸ்ரா பேச்சின் நடுவே 'ட்ச்' என்று நாக்கைத் தட்டினார். அறிவிப்புப் பெண்ணும் அதே மாதிரி 'ட்ச்' என்றாளே? ஒரே அலுவலகத்தில் இருந்தால் பழக்கம் தொற்றும். அந்த நேரம் தெருவில் மினி லாரி வந்தது, ஒலிபெருக்கியில் பதிவு செய்த குரல், "வெங்காயம் நாலு கிலோ நூறு, நாலு கிலோ நூறு, அம்மா வாங்க, அக்கா வாங்க..." இடது காதில் தெரு. வலது காதில் தில்லி. தில்லியிலும் "நாலு கிலோ நூறு." தமிழில். அறவாழி நிமிர்ந்தார். ஒரு கணம், ஒரே ஒரு கணம், ஏதோ ஒன்று கதவைத் தட்டியது. பிறகு வரம் வேலை செய்தது. எதிரொலி! என் போனின் மைக் தெருச் சத்தத்தை எடுத்துத் தில்லிக்கு அனுப்புகிறது, தில்லி அதைத் திருப்பி அனுப்புகிறது. கால் நொடி தாமதம் இருக்க வேண்டும், இருக்கிறதா என்று கண்ணை மூடிக் கேட்டார், இருப்பது போலத்தான் இருந்தது. இவ்வளவு நுணுக்கமாக யார் யோசிப்பார்கள் என்று கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. "தோ வந்துட்டார், வந்துட்டார், வாயைத் துடைக்கிறார்," என்றார் மிஸ்ரா. டொய்ங்.

வாயைத் துடைக்க எவ்வளவு நேரம் ஆகும்? அதற்குள் முடிவு செய்யணும், பொய்யா நிஜமா. நிஜம் என்றால் பெருங்காயம். பெருங்காயக் கம்பெனி, தரக்கட்டுப்பாடு, இருபத்தைந்து வருடம். பெங்களூரிலிருந்து வந்து சும்மா இருந்த நாட்களில் முதலாளி ரத்தினசாமி அண்ணாச்சி தெருவில் நிறுத்திக் கேட்டார், "ஏய், நீ அந்தப் பொருட்காட்சிப் பயதானே? நூத்தி மூணு சொன்னவன்? கம்பெனிக்கு வா." போனார். ஐப்பசி மாதம், மழை. அண்ணாச்சி ஒரு டப்பாவைத் திறந்து காட்டினார். கட்டிப் பெருங்காயம், பழுப்புக் கட்டி, அதன் மேல் முத்து முத்தாக நீர். வேர்த்திருந்தது. மனுஷன் மாதிரி வேர்த்திருந்தது. "ஏன் அண்ணாச்சி இது வேர்க்குது?" என்று இவர் வாயிலிருந்து வந்தது, வந்தபின்தான் இவரே கவனித்தார், கேட்டுவிட்டோமே! பத்தொன்பது வயது முடிகிற நேரத்தில் முதல் கேள்வி. அண்ணாச்சி சொன்னார், "எனக்குத் தெரிஞ்சா உன்னை எதுக்குடா கூப்பிடுறேன்." அந்த ராஜ பதிலைக் கேட்டுக் குட்டி விஞ்ஞானிக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. யாருக்கும் தெரியாத ஒன்று, தமுக்கம் மைதானமே திரண்டு வந்து கேட்டாலும் பதில் இல்லாத ஒன்று, உள்ளங்கையில் வேர்த்துக்கொண்டு. மூன்று மழைக்காலம் பிடித்தது. பிசினை மாற்றிப் பார்த்தார், மாவை மாற்றிப் பார்த்தார், டப்பாவோடு படுத்து எழுந்தார். கடைசியில் பார்த்தால் விஷயம் ஒன்றுமில்லை, லாரி வந்து நிற்கிற அவசரத்தில் வெட்டிய கட்டியைச் சூடு ஆறும் முன்பே டப்பாவில் அடைத்துவிடுகிறார்கள், உள்ளே இருக்கிற ஆவி வெளியே போக வழியில்லாமல் மேலேயே உட்கார்ந்துவிடுகிறது. ஆறு மணி நேரம் காற்றில் ஆறவிடு, பிறகு அடை. அவ்வளவுதான். அன்றிலிருந்து வேர்க்கவில்லை. அண்ணாச்சி லாரிக்காரனைப் பார்த்து, "ஆறு மணி நேரம் நில்லுடா, விஞ்ஞானம் நடக்குது" என்று கத்தினார், எந்தக் கைதட்டலும் அதற்குப் பக்கத்தில் வராது. இப்போது அடுத்த கேள்வி ஓடிக்கொண்டிருக்கிறது, ஒரே பிசின் ஒரு மூட்டையில் கசக்கிறது, இன்னொன்றில் ஏன் கசக்கவில்லை. ஏழு வருடமாகத் தெரியவில்லை. தெரியாமல் இருப்பது அவ்வளவு சுகம். பஸ்ஸில் ஏறினால் வாசனைக்கு ஆட்கள் நகர்ந்துவிடுவார்கள், தினமும் ஜன்னல் சீட்டு. இதையெல்லாம் யாரிடமும் சொன்னதில்லை. முன்னாள் மேதை சந்தோஷமாக இருக்கிறான் என்றால் யார் நம்புவார்கள், சமாளிக்கிறான் என்பார்கள், அதனால் வீட்டில்கூட முகத்தைக் கொஞ்சம் தொங்கவிட்டே பழகிவிட்டார்.

"மிஸ்டர் அறவாழி." பானைக்குள் தலையை விட்டுப் பேசினால் போல ஒரு குரல். அறவாழி மறுபடி எழுந்து நின்றார். "வணக்கம் ஐயா." "பதக்கத்துக்குப் பிறகு?" "உணவு வேதியியல்..." என்று தொடங்கினார், தொண்டையில் நின்றது, புதன்கிழமை ரசம். "பெருங்காயக் கம்பெனில இருக்கேங்க ஐயா." போச்சு. பித்தளையைத் திருப்பிக் கேட்கப் போகிறார். "சந்தோஷமா இருக்கீங்களா?" "ஐயா, இது... விசாரணையில இருக்குற கேள்வியா?" "முப்பத்தேழாவது கேள்வி. முதல் முப்பத்தாறு அவ்வளவு முக்கியம் இல்லை." அறவாழி சிரித்துவிட்டார், பயத்தில்தான், ஆனால் சிரித்தபின் வாய் மூடவில்லை. கொட்டிவிட்டார். வேர்த்த கட்டி, மூன்று மழை, ஆறு மணி நேரம், லாரிக்காரன், கசக்கிற மூட்டை, ஜன்னல் சீட்டு, எல்லாம். "சந்தோஷமாத்தாங்க ஐயா இருக்கேன். ரொம்ப. சின்ன வயசுலதான் இல்ல. அப்ப எனக்குப் பசிச்சுச்சு, அது எனக்கே தெரியல." எழுபது கிலோ ஆள் நடு ஹாலில் நின்று கையை ஆட்டி ஆட்டிப் பேசுவதைச் சமையலறை வாசலிலிருந்து சுகந்தி எட்டிப் பார்த்துவிட்டு, கம்பெனி போன் போலிருக்கிறது என்று உள்ளே போய்விட்டாள். "முப்பத்தெட்டாவது கேள்வி," என்றது பானைக்குரல், கொஞ்சம் மெலிந்து. "கடைசிக் கேள்வி. உங்க வீட்டுப் பிள்ளைக்கு அதே மாதிரி ஒரு வாய்ப்பு வந்தா அனுப்புவீங்களா?" தில்லிக்கு எப்படித் தெரியும்? மாவட்டத் தேர்வு முடிவு அவர்களுக்குப் போயிருக்கும், போகாதா. அறவாழி வெளிர்நீல விண்ணப்பத்தைப் பார்த்தார். "வந்திருக்குங்க ஐயா. நாளைக்குக் கடைசி. நாலு நாளா அதைப் பார்க்காமத்தான் பிரிட்ஜைத் திறக்குறேன். அவ போகணும்னு வாயைத் திறந்து சொன்னா நானே பெட்டியைத் தூக்கிட்டுப் போய் விட்டுட்டு வருவேன். ஆனா அவ சொல்லல, என்னைத்தான் கேட்டா, நான் ரசம் ஊத்திக்கன்னுட்டேன். எனக்குப் பயமுங்க. அவ மிக்சி மாதிரி கத்துவா ஐயா. தலைமையாசிரியை மாதிரி பேசுவா. அங்க அதையெல்லாம் நிறுத்திட்டு ஸ்டூல்ல ஏறச் சொல்லிடுவாங்களோன்னு. அவளா கேக்காத வரைக்கும் கையெழுத்துப் போட மாட்டேன். இன்னைக்கு அவகிட்ட உக்காந்து பேசிருவேன், சத்தியமா." மறுமுனையில் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். பெரிய உறிஞ்சல், சளி உறிஞ்சல். தூசி, என்று உடனே புரிந்துகொண்டார் அறவாழி, சித்திரையில் தில்லியில் புழுதிக்காற்று அடிக்கும், ராஜஸ்தானத்திலிருந்து வருவது, பாவம் பெரிய மனுஷர்.

அப்போது சமையலறையிலிருந்து சுகந்தி கத்தினாள், கரண்டியால் ஜன்னல் கம்பியைத் தட்டிக்கொண்டே. "அல்லி! அடியேய்! மாடியில வத்தலை அத்தனையும் காக்கா கொத்துது, அங்க நின்னு என்னடி பண்ற?" அதற்குப் புது தில்லி அனைத்திந்திய இளம் மேதையர் மையத்தின் இயக்குநர் அதே பானைக்குரலில் பதில் சொன்னார். "இந்தா விரட்டிட்டேம்மா!" சொல்லிவிட்டு, "ச்சூ! ச்சூ! போ! ஏய் போ!" என்று விரட்டவும் செய்தார். அறவாழி அசையவில்லை. வரம் கடைசியாக ஒருமுறை முழு வேகத்தில் ஓடியது. என் மைக் சுகந்தியின் குரலை எடுத்திருக்கிறது, சரி. தில்லியிலும் காக்கா உண்டு, சரி. இயக்குநருக்கும் ஒரு அம்மா இருப்பார், சரி. அந்த அம்மாவும் சித்திரை வெயிலுக்கு வத்தல் போட்டிருக்கலாம், கூடாது என்று சட்டமில்லை, சரி. அவ்வளவு தூரம் ஓடிவந்து வரம் இரைக்க இரைக்க நின்றது, மேலே போக வழியில்லை. ஏனென்றால் இப்போது தலைக்கு மேலே, கூரையில், வாசல் பக்கத்திலிருந்து தண்ணீர்த் தொட்டிப் பக்கமாக, தடதடவென்று இரண்டு கால்கள் ஓடின. போனிலும் ஓடின. போனைக் காதிலிருந்து எடுத்தார், கூரையில் ஓட்டம். காதில் வைத்தார், தில்லியில் ஓட்டம். எடுத்தார், வைத்தார். கால் நொடி தாமதம்கூட இல்லை. ஒரு காகம் கரைந்தது, இரண்டு இடத்திலும் கரைந்தது. பிறகு கால்கள் நின்றன, கஞ்சி போட்ட அந்த அறிவிப்புக் குரல் வந்தது, ஆனால் கஞ்சியெல்லாம் வேர்வையில் கரைந்து போயிருந்தது. "தாங்கள்... ஹ்ஹ்... தொடர்புகொண்ட... ஹ்ஹ்... இயக்குநர்... தற்போது..." அறவாழி கூரையைப் பார்த்தபடியே மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தார்.

"அல்லி," என்றார். "மூச்சு வாங்கிட்டுச் சொல்லு."